எட்டாயிரத்து ஆறு

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

அவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. கீழே டீக்கடை வைத்திருக்கும் அஸ்லம் அந்தப் பெயர்களைக் கொடுத்தான். தெரு எடுத்துக்கொண்டது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் தெரு அது. ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சுகந்தியின் அறை. கீழே உள்ள கடைக்காரர்கள் ஒரு கிராபிக்ஸ் கார்டின்மேல் சந்தேகம் வந்தால் மேலே கொடுத்தனுப்புவார்கள். அவள் அதை ஓட்டிப் பார்த்து, எப்படி ஓடுகிறது என்று சொல்வாள். அவள் சொன்னால் தெருவில் மறுபேச்சு கிடையாது.

கிராபிக்ஸ் கார்டு என்பது திரைக்குப் படம் வரைந்து தரும் பாகம். வரைய வரையச் சூடாகும். சூட்டைத் தள்ள அதிலேயே சிறிய விசிறிகள் இருக்கும். செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேல் அதை விரட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். விரட்டினால் என்ன கிடைக்கும் என்று பார்க்க ஒரு பரீட்சை உண்டு. மழை பெய்யும் ஒரு பாழ்நகரத்துக்குள் ஒரு வெள்ளைப் பறவை பறந்து போகும். அந்தக் காட்சியைக் கார்டு வரைய வேண்டும். வரைந்து முடித்ததும் திரையில் ஓர் எண் வரும். அதுதான் ஸ்கோர்.

பரீட்சையும் எண்ணும் சீடர் தெய்வசிகாமணிக்குப் பழக்கமானவை. ராசிபுரத்துப் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவருடைய பையன்கள் நூற்றுக்கு நூறு வாங்குவார்கள். அவருடைய மகள் மிருதுளாவும் அதே பள்ளியில், அதே விடுதியில் படித்து, நூற்றுக்கு நூறு வாங்கினாள். பிறகு பொறியியல் கல்லூரிக்குப் போனாள். இரண்டாம் வருடம் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவரும் வேலையை விட்டுவிட்டு சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்துசேர்ந்தார்.

மிருதுளா மாடி அறையில் இருந்தாள். சாப்பிட இறங்கி வருவாள். இன்னும் கட்டப்படாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டுவாள். கதவு திறக்கும், கூடத்தில் வெயில் விழும், படியேறினால் மேலே அறைகள் இருக்கும். வீடு விற்பவர்கள் அந்தப் படத்தை வாங்குபவர்களுக்குக் காட்டுவார்கள்.

ஈரோட்டுக்காரர் ஒருவர் முதன்முதலாக ஒரு பெரிய வேலை கொடுத்தார். படம் முக்கால்வாசி தயாராகும்போது அவளுடைய பழைய கார்டு செத்துப்போனது. சொன்ன தேதி தவறியது. இந்த மாதக் கடைசிவரை பொறுத்துக்கொள்கிறேன், மறுபடி நின்றுபோனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஈரோட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

மனைவி சொல்லித்தான் இது தெய்வசிகாமணிக்குத் தெரிந்தது. அவர் மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு, "கார்டு நான் வாங்கித் தரேன் கண்ணு," என்றார்.

"சரிப்பா," என்று மேலே இருந்து குரல் மட்டும் வந்தது.

அந்தச் "சரிப்பா"வை எடுத்துக்கொண்டு அவர் தெருவுக்கு வந்தார். கையில் இருந்ததற்குச் சின்னக் கார்டுதான் கிடைத்தது. பெட்டியின்மேல் நெருப்புக் கக்கும் ஒரு டிராகன் இருந்தது.

"பெரிய கார்டு செய்யறதை இது செய்யுமா?" என்று கேட்டார்.

"விரட்டினாச் செய்யும்னு சொல்றாங்க," என்றார் கடைக்காரர். "மேல போய்க் கேளுங்க."

மேலே போனார்.

"இதை விரட்டறதுக்குச் சொல்லித் தருவியா அம்மணி?"

சுகந்தி அவரைப் பார்த்தாள். கார்டைப் பார்த்தாள். முறுக்குப் பொட்டலத்தை நகர்த்தி வைத்து இடம் செய்தாள்.

"உட்காருங்க சார்."

முதல் இரண்டு நாள் "அம்மணி" என்று கூப்பிட்டார். பிறகு "மேடம்" என்றார். அதற்குப் பிறகு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெறும் "ஏனுங்க" என்றார்.

*

மேசைமேல் கம்ப்யூட்டரின் பாகங்கள் கேபினட் என்கிற பெட்டி இல்லாமல் திறந்து கிடக்கும். கார்டை அவற்றில் செருக வேண்டும். திரையில் வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு கோடு இருக்கும். அதை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் பரீட்சை வைக்க வேண்டும். தாங்கினால் இன்னும் கொஞ்சம். தாங்காவிட்டால் படம் உடையும், அல்லது உறைந்து நிற்கும். அப்போது பின்வாங்க வேண்டும்.

"நீங்க இதை எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எரிச்சு," என்றாள் சுகந்தி.

கார்டு வாங்கியபடியே ஓடியபோது ஏழாயிரத்து நானூறு வந்தது. பெரிய கார்டுக்கு எட்டாயிரம் வரும். அவருக்கு எட்டாயிரம் வேண்டும்.

அவர் நல்ல மாணவர். காலையில் கடைகள் திறக்கும் முன்னே வந்துவிடுவார். காலையில் காற்று குளிர்ச்சியாக இருக்கும் என்பதைக் கண்டுபிடித்திருந்தார்.

"என்னங்க சிஷ்யரே, யூனிஃபார்ம் போட்டுட்டு வரலையா?" என்றான் அஸ்லம்.

"டீ கொடுப்பா."

"ஐம்பது வயசுக்கு மேல எல்கேஜி. பாஸானா மிட்டாய் தரணும், சொல்லிட்டேன்."

ஒரு வாரம் போனது. அன்று சுகந்தி அறைக்குள் வந்தபோது அவர் எழுந்து நின்றார். செல்போனை அவளிடம் நீட்டினார். திரையைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

"எட்டாயிரத்து ஆறு," என்றார்.

அவள் பார்த்தாள்.

"எத்தனை தடவை ஓட்டினீங்க?"

"பத்துப் பன்னிரண்டு இருக்கும்."

"மத்ததெல்லாம் எவ்வளவு வந்துச்சு?"

"அதெல்லாம் சரியா வரலைங்க."

"யாருக்கு?"

சுகந்தி அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரமாக மேசை நகர்ந்திருந்தது. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும் பெடஸ்டல் ஃபேன் இப்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார்டின்மேல் வீசிக்கொண்டிருந்தது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உங்களுக்கு வேர்க்குது சார்."

"பரவால்லைங்க."

"கார்டுக்குக் குளிருது."

அவர் சிரிக்கப் பார்த்தார்.

"ஒரு தடவை டீ குடிக்கப் போனேன்," என்றார். "ஃபேன் கரெண்டு வயரு கால்ல பட்டுக் கழண்டு போச்சு. எழுநூறு குறைஞ்சிடுச்சு. அதைக் கணக்குல சேர்க்கலை. அது விபத்து."

"சரி. கார்டு எப்ப உங்க பொண்ணு கைக்குப் போகும்?"

"எட்டாயிரம் வந்ததும்னு இருந்தேன். இன்னிக்குக் கொடுத்திடலாம்."

"ஒரு வாரமா அந்தப் பொண்ணு என்ன பண்ணுது?"

"காத்துட்டிருக்கா."

சுகந்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். முறுக்கை ஒடித்தாள்.

"ஒண்ணு கேட்கணும்," என்றார் அவர். "குளிர்ல ஒரு எண் வருது. ஃபேன் போனா ஒரு எண். முதல் தடவை ஒண்ணு, பத்தாவது தடவை ஒண்ணு. இந்தக் கார்டோட உண்மையான வேகம் எதுங்க?"

"உங்க பொண்ணு ரூம்ல ஃபேன் எந்தப் பக்கம் இருக்கு?"

"மேலதான்."

"ஓடுதா?"

அவர் யோசித்தார். "ஓடும்."

"கேபினட்டை எங்க வெச்சிருக்கு? மேசை மேலயா, அடியிலயா?"

"தெரியலைங்க."

"மத்தியானம் ரூம் எவ்வளவு சூடு?"

"மேல சிமெண்ட் ஷீட்டு. சூடா இருக்கும்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

சுகந்தி இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கையளவு இருந்த ஒரு வெப்பமானியை எடுத்துக் கொடுத்தாள்.

"இதைப் பொண்ணோட கேபினட்டுக்குப் பக்கத்துல வெச்சு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துட்டு வாங்க. மத்தியானம்."

"அவகிட்டக் கொடுத்துப் பார்க்கச் சொல்றேனே."

"டெஸ்ட் எடுக்கறது நீங்களா, அவளா?"

*

மாடிப்படிகளில் அவர் ஏறி நெடுநாளாகியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. தட்டுவதா, கூப்பிடுவதா என்று கொஞ்ச நேரம் நின்றார். தட்டினார்.

மிருதுளா திறந்தாள். தலைமுடியைத் தூக்கிப் பென்சிலால் குத்தியிருந்தாள்.

"என்னப்பா?"

"சூடு பார்க்கணும் கண்ணு."

"எனக்கா? காய்ச்சலெல்லாம் இல்லையே."

"உனக்கில்லை. ரூமுக்கு."

அவள் அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். கதவை விட்டு விலகினாள்.

உள்ளே ஷீட்டின் வெக்கை தலையில் உட்கார்ந்தது. ஜன்னலில் ஈரத் துண்டு ஒன்று தொங்கியது; காய்ந்துவிட்டிருந்தது. ஃபேன் சுற்றியது, இறக்கைகளை எண்ணிவிடலாம். கேபினட் மேசைக்கு அடியில், சுவரை ஒட்டி இருந்தது. அவர் குனிந்து வெப்பமானியை அதன் பக்கத்தில் வைத்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"இங்கயே உட்காரப் போறீங்களா?"

"போகச் சொன்னாப் போறேன்."

"உட்காருங்க. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு."

அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் பழைய கார்டைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தாள். அதை எடுத்துப் பார்த்தார். விசிறிகளில் தூசு இல்லை. துடைத்துத் துடைத்து ஓரங்கள் வெளுத்திருந்தன.

"இது எவ்வளவு ஸ்கோர் எடுத்துச்சு?"

"தெரியாதுப்பா. நான் பார்த்ததில்லை."

"பார்க்காம எப்படி ஓட்டினே?"

"மெதுவா ஓட்டினேன். அதோட வேகத்தையே குறைச்சு வெச்சிருந்தேன். லேட்டாகும். ஆனா நிக்காது. மூணு வருசம் வந்துச்சு."

"குறைச்சு வெச்சிருந்தியா?"

"ம்."

"ஏன்?"

நாற்காலியைச் சற்றுத் திருப்பினாள்.

"வேகமா ஓடினா சத்தம் போடும். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது."

"சின்னச் சத்தம்தானே கண்ணு."

"ஸ்டடி ஹால்ல முப்பது ஃபேன் ஓடும், ஞாபகம் இருக்காப்பா? யாரும் பேசக் கூடாது. ஃபேன் மட்டும் ஓடும். நீங்க வரிசைக்கு நடுவுல நடந்து வருவீங்க. அந்தச் சத்தம்."

அவர் அந்த மெதுவான ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப ஈரோட்டு வேலைக்கு எதுக்குச் செத்துச்சு?"

"தேதி நெருங்கிடுச்சு. வேகத்தை ஏத்தினேன். அன்னிக்குத்தான்."

ஒரு மணி நேரம் ஆனதும் அவர் வெப்பமானியை எடுத்தார். நாற்பத்தொன்று.

"கார்டு எப்பப்பா வரும்?" என்றாள் அவள், அவர் கதவருகே போனதும்.

*

திரும்பி வந்ததும் சுகந்தி வெப்பமானி காட்டிய எண்ணைக் கேட்டாள். கேபினட்டின் இடத்தைக் கேட்டாள். ஃபேனின் வேகத்தைக் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

அவள் ஏசியை அணைத்தாள். பெடஸ்டல் ஃபேனை வெளியே தூக்கிப்போய் வைத்தாள். கார்டையும் பாகங்களையும் ஒரு பழைய கேபினட்டுக்குள் பூட்டி, மேசைக்கு அடியில் சுவரோடு தள்ளினாள். ஜன்னலைச் சாத்தினாள். சித்திரை மாதத்து மதியம். அறை சீக்கிரமே மிருதுளாவின் அறையாகிவிட்டது.

"எட்டாயிரத்து ஆறு வந்துச்சே, அந்த வேகத்தை வெச்சு ஓட்டுங்க."

முதல் தடவை ஏழாயிரத்து எண்ணூறு வந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அடுத்த தடவை குறைந்தது. அதற்கடுத்து இன்னும் குறைந்தது. கார்டின் விசிறிகள் இரைய ஆரம்பித்தன. டீ கொண்டுவந்த அஸ்லம் வாசலிலேயே நின்றான்.

"என்னங்க இது, மிக்சில சட்னி அரைக்கறீங்களா? ரெண்டு பேரும் வெந்துடாதீங்க."

அவன் டம்ளர்களை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

"இன்னொரு தடவை," என்றாள் சுகந்தி.

பாழ்நகரத்தில் மழை பெய்தது. பறவை ஒரு வளைவுக்குள் நுழைந்தது. அங்கேயே நின்றது. மழை நின்றது. விசிறிகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன. அவர் விசைப்பலகையைத் தட்டினார். பறவை அசையவில்லை.

"படம் தயாராயிட்டிருக்கறப்ப இப்படி நின்னா?" என்றார்.

"முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

அவர் வேகக் கோட்டைப் பழைய இடத்துக்கு, செய்தவர்கள் வைத்த வேகத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி ஓட்டினார்கள். பறவை நிற்கவில்லை. ஆனால் எண் ஏறி இறங்கியது. விசிறிகள் இரைந்தும் அடங்கியும் ஓடின.

"இன்னும் குறைங்க."

"இதுக்கும் கீழயா?"

"ஆமா."

அவர் கையை மவுஸ்மேல் வைத்தார். எடுத்தார்.

"விரட்டறதுக்குத்தான் வந்தேன்," என்றார்.

"ஆமா. வந்தீங்க."

"நான் யாரையும் குறைச்சுப் போகச் சொன்னதில்லைங்க. ஒரு நாளும்."

"இது கார்டு சார்."

அவர் கோட்டை இடப்பக்கம் தள்ளினார். கொஞ்சம் தள்ளிவிட்டுச் சுகந்தியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் வந்தது. அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்த தடவையும் அதே. பிறகு அவர் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அந்தக் காட்சியை இதுவரை எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறார். மூலையில் மாறும் எண்ணை மட்டுமே பார்த்திருக்கிறார். பறவை எங்கே போகிறது என்று இப்போதுதான் பார்த்தார். அது இடிந்த தெருக்களைக் கடந்து, உடைந்த ஒரு கோபுரத்தின் ஜன்னலில் உட்கார்ந்து, சிறகுகளை உதறியது. அவ்வளவுதான். படம் முடிந்தது.

"கேளுங்க," என்றாள் சுகந்தி.

"என்ன கேட்கணும்?"

"சும்மா கேளுங்க."

அவர் கேட்டார். கீழே அஸ்லம் கண்ணாடி டம்ளர்களைக் கழுவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் வந்தது. மேசைக்கு அடியில் கார்டு ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிறது என்று விளக்கு எரிவதை வைத்துத்தான் சொல்ல முடிந்தது.

சுகந்தி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். கார்டைக் கழற்றினாள். ஆறும்வரை கையில் வைத்திருந்து, டிராகன் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஒரு துண்டுக் காகிதத்தில் கடைசியாக வைத்த வேகத்தை எழுதி மேலே ஒட்டினாள்.

"ஈரோட்டு வேலை முடியுமா?" என்றார்.

"மெதுவா முடியும். இன்னிக்கே ஆரம்பிச்சா."

அவர் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். படியிறங்கப் போனவர் திரும்பினார்.

"ஸ்கோர் எவ்வளவுன்னு அவகிட்ட என்ன சொல்றதுங்க?"

"அவ கேட்டாளா?"

"இல்லை. எப்ப வரும்னுதான் கேட்டா."

அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். அந்தப் படத்தைத் திறந்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளிடம் காட்டினார்.

"அப்ப இந்த எட்டாயிரத்து ஆறை என்ன பண்றது?"

சுகந்தி வெளியே கிடந்த பெடஸ்டல் ஃபேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், அது எப்போதும் நிற்கும் இடத்தில் வைத்தாள்.

"அது நீங்க எடுத்தது சார். நீங்களே வெச்சுக்குங்க," என்றாள். "கார்டை மட்டும் அவகிட்டக் கொடுங்க."